பிராயமும் பக்குவமும்

அரபு மதரஸாவில் கிதாபு ஓதிய நாட்களில் ஹைதராபாத் என்னும் ஊரை நான் அறிந்திருந்தது நூல்களின் முகப்பேட்டின் வாயிலாகவே. இமாம் பைஹகீ (ரஹ்) அவர்களின் ‘அஸ்ஸுனனுல் குப்ரா’வைத் திறந்தாலும், ஹாஃபிள் இப்னு ஹஜர் (ரஹ்) அவர்களின் ‘தஹ்தீபுத் தஹ்தீப்’ என்னும் நூலைத் திறந்தாலும், ‘தாயிரத்துல் மஆரிஃப், ஹைதராபாத் தக்கன்’ என்னும் எழுத்துக்கள் கண்ணில் படும். 1888ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற அந்நிலையம், கையெழுத்துப் பிரதிகளாக முடங்கிக் கிடந்த அரபு நூல்கள் பலவற்றைத் தேடி, ஒப்புநோக்கித் திருத்தி அச்சேற்றியது. எங்கள் உஸ்தாது அந்த எழுத்துக்களை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்த பின்னரே பாடத்தைத் தொடங்குவார். 1918இல் நிஜாம் மீர் உஸ்மான் அலீ கான் அவர்கள் நிறுவிய உஸ்மானியாப் பல்கலைக்கழகத்தில் மருத்துவமும் பொறியியலும் உருது மொழியிலேயே கற்பிக்கப்பட்டன என்று அவர் சொல்லக் கேட்கும்போது, நாங்கள் வாய் பிளந்து அமர்ந்திருப்போம். ஆக, என் இளமையில் ஹைதராபாத் என்பது கல்விக்கும் கொடைக்கும் இஸ்லாமிய அரசுரிமைக்கும் மறுபெயராக விளங்கிற்று.

அதே ஹைதராபாத்தை அதே காலத்தில் வேறொரு கண் பார்த்துக்கொண்டிருந்தது என்பதைப் பின்னாளில் ஒரு தமிழ் நாவல்தான் எனக்கு அறிவித்தது. அந்தக் கண் நம் சமுதாயத்தைச் சேர்ந்ததன்று. பிழைப்பின் பொருட்டு சிகந்தராபாத்தில் குடியேறிய ஒரு தமிழ்ப் பிராமணக் குடும்பத்துச் சிறுவனின் கண் அது. நாவலின் பெயர் ‘பதினெட்டாவது அட்சக்கோடு’, எழுதியவர் அசோகமித்திரன், நூலாக வெளிவந்த ஆண்டு 1977.

அசோகமித்திரன் அவர்களின் இயற்பெயர் தியாகராஜன். 1931ஆம் ஆண்டு சிகந்தராபாத்தில் பிறந்து, தந்தையார் மறைந்தபின் 1952இல் சென்னைக்கு வந்தவர். ஜெமினி ஸ்டூடியோவில் 1966 வரை பணியாற்றிப் பின்னர் எழுத்தையே பிழைப்பாகக் கொண்டார். 1996ஆம் ஆண்டுக்குரிய சாகித்திய அக்காதெமிப் பரிசு ‘அப்பாவின் சிநேகிதர்’ என்னும் நூலுக்காக அவருக்கு வழங்கப்பெற்றது. தியாகராய நகரில் நெடுங்காலம் குடியிருந்த அவர், தம் இறுதிக் காலத்தை எங்கள் தாம்பரத்துக்கு அண்மையிலுள்ள வேளச்சேரியில் கழித்து, 2017 மார்ச் 23இல் அங்கேயே மறைந்தார். அரைமணி நேரப் பயணத் தொலைவில் வாழ்ந்த அவரை நான் ஒருமுறையேனும் சென்று கண்டதில்லை. அதற்கொரு காரணம் உண்டு. அதைச் சொல்லாமல் இக்கட்டுரையை எழுதுவது நேர்மையாகாது.

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பு, நான் ஆசிரியப் பணியில் புதியவனாக இருந்த காலம். மாலையில் என்னிடம் அரபு ஓதவந்த பதினைந்து வயதுப் பிள்ளை ஒருவன், நூலகத்திலிருந்து எடுத்துவந்த இந்நாவலை ரைஹால் பலகைக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தான். கேட்டதற்கு, “ஹைதராபாத் கதை ஹஜ்ரத், கிரிக்கெட்டெல்லாம் வருது” என்றான். நான் வாங்கிப் புரட்டினேன். பலரும் செய்வதுபோல முதலில் கடைசிப் பக்கத்தைப் படித்தேன். படித்ததும் நூலை என் பைக்குள் போட்டுக்கொண்டு, “இது உனக்கு இப்போது ஆகாது” என்று சொல்லிவிட்டேன். மறுநாள் நூலகத்தில் நானே திருப்பிக் கொடுத்தேன். ஆபாசம் என்பது நான் எனக்குச் சொல்லிக்கொண்ட காரணம். அது பொய் என்பது அன்றே எனக்குத் தெரியும்.

இனி நாவலுக்கு வருவோம்.

கதைத்தலைவன் சந்திரசேகரன். பள்ளிப் படிப்பை முடித்துக் கல்லூரியில் காலெடுத்து வைக்கும் பருவம். தகப்பனார் இரயில்வேயில் உத்தியோகம் பார்ப்பவர். குடியிருப்பதும் அதைச் சார்ந்த ஒரு பாளைய வீட்டில். எங்கள் தாம்பரத்து இரயில்வே குடியிருப்பையோ, பரங்கிமலை பல்லாவரம் கண்டோன்மெண்டுப் பகுதியையோ அறிந்தவர்களுக்கு அவ்வாழ்க்கையை விளக்க வேண்டுவதில்லை. ஒரே வரிசையில் நாலு மொழி பேசும் குடும்பங்கள். வீட்டுக்குள் தமிழ், தெருவில் தெலுங்கு, கடைவீதியில் உருது, பள்ளியில் ஆங்கிலம். பிள்ளைகளைச் சேர்த்துவைப்பது பந்தும் மட்டையும். சந்திரசேகரனுக்குக் கிரிக்கெட் ஆட்டமும் ஒரு சைக்கிளும்தாம் உலகம். உடன் ஆடுவோரில் முஸ்லிம் பிள்ளைகள் உண்டு, ஆங்கிலோ இந்தியப் பிள்ளைகள் உண்டு. அடுத்தாற்போல் குடியிருப்பதும் ஒரு முஸ்லிம் குடும்பமே.

இந்தப் பையனை ஆசிரியர் நல்லவனாகவும் காட்டவில்லை, கெட்டவனாகவும் காட்டவில்லை. கூச்சமும் பொறாமையும் மிகுந்தவன். தன் ஏழ்மைக்காக வெட்குகிறவன். கூட்டத்தோடு சேரவும் ஆசை, தனித்து நிற்கவும் ஆசை. அந்த வயதுப் பிள்ளைகளோடு நாள்தோறும் மாரடிக்கும் என்போன்ற ஆசிரியர்களுக்கு, ஒவ்வொரு பக்கத்திலும் தெரிந்த முகம் ஒன்று எட்டிப் பார்க்கும். நாவலின் ஒரு பகுதியில் அவனை ‘அவன்’ என்று குறிப்பிடும் ஆசிரியர், அடுத்த பகுதியில் ‘நான்’ என்று அவன் வாயாலேயே பேசவைக்கிறார். இவ்வாறு மாறி மாறி வருவதைக் குழப்பம் என்று குறை சொன்ன நண்பர் ஒருவர் உண்டு. எனக்கோ அப்பருவத்தின் இயல்பே அதுதான் என்று தோன்றுகிறது. பதினாறு வயதில் மனிதன் சிலவேளை தனக்குள்ளிருந்து உலகைப் பார்க்கிறான். சிலவேளை தன்னையே தெருவில் போகும் எவனோ ஒருவனைப் போலப் பார்க்கிறான்.

நம்மவர் தந்த முதல் தமிழ் நாவலும் ஒரு பிள்ளையின் வளர்ச்சியைச் சொல்வதே என்பதை இங்கு நினைவூட்ட விரும்புகிறேன். இலங்கைக் கண்டியைச் சேர்ந்த வழக்கறிஞரும் ‘முஸ்லிம் நேசன்’ இதழாசிரியருமான சித்திலெப்பை மரைக்காயர் அவர்கள் 1885இல் எழுதிய ‘அசன்பே சரித்திர’த்தில், மிஸ்று நாட்டுப் பெருங்குடியில் பிறந்து களவாடப்பட்ட அசன், அயல்மண்ணில் வளர்ந்து, இன்னல்களை வென்று உயர்நிலை எய்துகிறான். அசனுக்கு வழிகாட்ட நற்குணமும் கல்வியும் இருந்தன. அமெரிக்க எழுத்தாளர் சாலிங்கர் 1951இல் வெளியிட்ட புகழ்பெற்ற நாவலின் ஹோல்டன் என்னும் பதினாறு வயதுப் பையனோ, பெரியவர்களின் போலித்தனத்தைக் கண்டு வெறுத்து நியூயார்க் தெருக்களில் அலைகிறான். அவன் வெறுத்தாலும் அவனைச் சுற்றிலும் அந்நகரம் உறுதியாக நின்றுகொண்டிருந்தது. சந்திரசேகரனுக்கு வாய்த்த விதி வேறு. அவன் வளரவேண்டிய ஆண்டுகளில் அவன் காலடியில் ஓர் அரசே நொறுங்கிக்கொண்டிருந்தது.

அவ்வரசைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். 1947இல் ஹைதராபாத் சமஸ்தானம் ஏறத்தாழ 82,000 சதுர மைல் பரப்பும் 1 கோடியே 60 லட்சம் மக்களும் கொண்டது. ஆண்டவர் முஸ்லிம், குடிகளில் நூற்றுக்கு எண்பதுக்கும் மேற்பட்டோர் ஹிந்துக்கள். பதினெட்டாவது அட்சக்கோடு என்பது அந்நிலப்பரப்பின் நடுவே ஓடும் பூகோளக் கோடு. கொரியாவையும் வியட்நாமையும் இரண்டாக வெட்டியவையும் இத்தகைய அட்சக்கோடுகளே என்பதை வாசகர்கள் அறிவர். ஹைதராபாத்தில் அப்படி எந்த எல்லையும் வகுக்கப்படவில்லை. கோடு விழுந்த இடம் விளையாட்டு மைதானம். அடுத்தடுத்த வீடுகளின் திண்ணை.

1947 ஆகஸ்டு 15இல் இந்தியா விடுதலை பெற்றபோது நிஜாம் அதனோடு இணையவில்லை. நவம்பர் 29இல் ஓராண்டுக்கான தற்காலிக ஒப்பந்தம் ஒன்று கையெழுத்தாயிற்று. அந்த ஓராண்டு நிறைவடையவே இல்லை. 1927இல் தோன்றிய இத்திஹாதுல் முஸ்லிமீன் இயக்கம், நாவன்மை மிக்க நவாப் பஹாதூர் யார் ஜங் அவர்கள் 1944இல் மறைந்த பின்னர், லாத்தூர் வக்கீல் காசிம் ரஸ்வியின் கைக்குச் சென்றது. அவர் தலைமையில் பெருகிய தொண்டர் படையினரே ரஸாக்கார்கள். ‘ரிளா’ என்னும் அரபுச் சொல்லோடு பாரசீக விகுதி சேர்ந்து பிறந்தது அப்பெயர். மனம் உவந்து பணி செய்பவன் என்பது அதன் பொருள். நம் நாவில் ‘ரளியல்லாஹு அன்ஹு’ என்று நித்தமும் வழங்கும் அதே வேர்ச்சொல்! கிராமங்களைக் கொளுத்துவதற்கும் கொள்ளையிடுவதற்கும் அச்சொல் பயன்பட்டதை எண்ணினால் நெஞ்சு கனக்கிறது.

இதை நாம் மறைக்கலாகாது. இந்தியாவுடன் இணைவதே நலம் என்று எழுதிய ‘இம்ரோஸ்’ பத்திரிகையின் ஆசிரியர் ஷுஐபுல்லாஹ் கான் 1948 ஆகஸ்டு 22ஆம் நாள் இரவில் சுட்டுக் கொல்லப்பட்டார். எழுதிய கையும் துண்டிக்கப்பட்டது. கொல்லப்பட்டவரும் கலிமாச் சொன்ன முஸ்லிமே. தெலுங்கானாவின் வெட்டி வேலைக் கொடுமையையும் ஜாகீர்தார்களின் பிடியையும் எதிர்த்து நின்றோரில் கவிஞர் மக்தூம் முஹ்யித்தீன் முன்னணியில் இருந்தார். எங்கள் உஸ்தாது தடவிப் பார்த்த அச்செழுத்துக்களுக்கு அப்பால் இப்படியும் ஒரு ஹைதராபாத் இருந்தது. அதை அவர் எங்களுக்குச் சொல்லவில்லை. அவருக்கும் எவரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இத்தனையும் நாவலில் சரித்திரப் பாடமாக வருவதில்லை. வருவதெல்லாம் ஒரு பையன் கண்ட அளவிலேதான். மைதானத்துக்கு வருவோர் குறைகிறார்கள். வெளியூர்களிலிருந்து அகதிகள் வந்து இறங்குகிறார்கள். இடம் போதவில்லை, தண்ணீர் போதவில்லை. நேற்றுவரை பெயர் சொல்லி அழைத்தவர்களைப் பற்றி ‘அவர்கள்’ என்று பேசும் பழக்கம் வீடுகளுக்குள் நுழைகிறது. கல்லூரியில் பகிஷ்காரம் நடக்கிறது. சந்திரசேகரனும் இழுபட்டுப் போகிறான். கொள்கையால் போனானா, கோழை என்ற பெயருக்கு அஞ்சிப் போனானா என்பது அவனுக்கே தெளிவில்லை. காந்தியடிகள் கொல்லப்பட்ட செய்தி வருகிறது; அதுவும் அவனை உலுக்குகிறது. அச்சமும் வெறுப்பும் அவனுக்குள் சேர்ந்து வளர்வதை ஆசிரியர் மூடி மறைக்கவில்லை. முஸ்லிம் வாசகன் ஒருவனுக்கு இப்பகுதிகளைப் படிப்பது எளிதன்று. ‘நம்மைப் பற்றியா இப்படி?’ என்று இடையிலே நூலை மூடிவிடத் தோன்றும். மூடிவிட்டவர்கள் இழந்தது பெரிது.

இங்கே ஃபிக்ஹுக் கலையிலிருந்து ஒரு வேறுபாட்டை எடுத்துக்கொள்ள என்னை அனுமதிக்க வேண்டும். பிள்ளை பெரியவனாவதற்கு நம் இமாம்கள் இரண்டு சொற்களை வழங்கியுள்ளனர். ஒன்று ‘புலூக்’: உடல் பருவமடைதல். அடையாளம் ஏதும் தோன்றாவிடில் சந்திர மாதக் கணக்கில் பதினைந்து ஆண்டுகள் நிரம்பியதும் அவன் பாலிக் என்பது இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் தீர்ப்பு. மற்றொன்று ‘ருஷ்து’: நல்லது கெட்டது பகுத்தறிந்து நடக்கும் பக்குவம். அநாதைகளின் பொருளைப் பற்றிப் பேசும் ‘அந்நிஸா’ அத்தியாயத்தின் தொடக்கத்திலே, அவர்கள் மணப்பருவம் எய்துமட்டும் சோதித்து வருமாறும், பக்குவத்தைக் கண்ட பின்னரே உடைமைகளை ஒப்படைக்குமாறும் காப்பாளர்களுக்குக் கட்டளை பிறக்கிறது. பருவம் தானே வரும். பக்குவம் சோதனையால் தெரியவரும். இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களோ, இருபத்தைந்து வயதாகியும் பக்குவம் தென்படாதவனிடம் அவன் பொருளைக் கொடுத்துவிடவே வேண்டும் என்கிறார்கள். அதற்குமேல் காத்திருந்து பயனில்லை என்று அப்பெருந்தகை கருதினார்கள் போலும்! என் வகுப்பறை அனுபவத்தில் இத்தீர்ப்பின் நியாயத்தைப் பலமுறை உணர்ந்திருக்கிறேன்.

சந்திரசேகரன் நாவலின் பெரும்பகுதியிலும் பருவமடைந்தவனே, பக்குவம் அடைந்தவனல்லன். அவனைச் சோதித்துப் பார்க்க வேண்டிய காப்பாளர்களோ, அரசரும் தலைவர்களும் ஆசிரியர்களும் தகப்பன்மார்களுமாகிய அத்தனை பேரும், தாமே சோதனையில் தோற்றுக்கொண்டிருந்தார்கள். இப்னு துஃபைல் (ரஹ்) என்னும் அந்தலூசிய ஞானியின் ‘ஹய்யு இப்னு யக்ளான்’ கதையை ஓதியவர்களுக்கு, மனித வாடையே இல்லாத தீவில் மானின் பாலுண்டு வளர்ந்து, ஏழேழு ஆண்டுகளாகப் படியேறி மெய்யறிவை அடையும் பிள்ளை நினைவுக்கு வரலாம். அவனுக்குக் கூட்டத்தின் தொல்லை இருக்கவில்லை. சந்திரசேகரனுக்குக் கூட்டத்தைத் தவிர வேறொன்றும் இருக்கவில்லை.

1948 செப்டம்பர் 13இல் இந்தியப் படைகள் சமஸ்தானத்துக்குள் நுழைந்தன. அரசு அதற்கு வைத்த பெயர் போலீஸ் நடவடிக்கை, நடத்தியது இராணுவம். 17ஆம் நாள் நிஜாம் பணிந்தார். மறுநாள் அவருடைய தளபதி அல் இத்ரூஸ், மேஜர் ஜெனரல் சௌதுரியிடம் சரணடைந்தார். சண்டை என்று சொல்லத்தக்கது ஐந்து நாட்களே. இதற்கு ஆறு மாதம் முன்னர், மார்ச் 10ஆம் நாள், இந்திய யூனியன் முஸ்லிம் லீகைச் சென்னையில் கூடித் தொடங்கியவர்களின் தலைவர், பிற்காலத்தில் குரோம்பேட்டையில் எளிய வாழ்வு வாழ்ந்த கண்ணியத்துக்குரிய காயிதே மில்லத் அவர்கள். ஹைதராபாத்தின் கூச்சலுக்கு இடையே, இந்நாட்டின் சட்டத்துக்கு உட்பட்டு வாழ்வதே முஸ்லிம்களின் வழி என்று நின்ற அப்பெருமகனை இவ்விடத்தில் நினையாதிருக்க முடியவில்லை.

ஐந்து நாட்களுக்குப் பின் நிகழ்ந்ததே நாவலின் முடிவு. நேற்றுவரை அஞ்சி ஒடுங்கியவர்கள் இன்று கும்பலாகத் திரிகிறார்கள். வேட்டையாடியோர் வேட்டைப்பொருளாகிறார்கள், வேட்டையில் ஒருநாளும் பங்கு கொள்ளாத ஏழை எளியவர்களே பெரிதும் அகப்படுகிறார்கள். கலவரத்தின் நடுவே அலைந்த சந்திரசேகரன் ஒரு வீட்டுக்குள் நுழைந்துவிடுகிறான். அங்கே நடுங்கி ஒண்டிக் கிடக்கிறது ஒரு முஸ்லிம் குடும்பம். வந்தவன் தனியனா, கும்பலின் முன்னோடியா என்று அவர்களுக்குத் தெரியாது. அவனைக் கண்டதும் அவர்களிடையே இருந்த ஒரு பெண், பதினைந்து பதினாறு வயதுக்கு மேற்படாத மெலிந்த பெண், எழுந்து முன்னே வருகிறாள். தன் வீட்டாரை விட்டுவிடும்படி மன்றாடி, தன் ஆடைகளைத் தானே களைந்து அவன் முன் நிற்கிறாள்.

அவன் யாரையும் அடிக்க வந்தவனல்லன். ஆனால் அதை அவளிடம் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. சொன்னாலும் அவள் நம்பும் காலம் கடந்துவிட்டது. அவள் கண்ணுக்குத் தான் எவனாகத் தெரிகிறோம் என்பதை அவன் அக்கணத்தில் கண்டுகொள்கிறான். குமட்டி, வெளியே ஓடுகிறான். இந்தக் கறை இனித் தன் வாழ்நாளில் நீங்காது என்று உணர்கிறான். நாவல் அதோடு முடிகிறது.

அரசியல் பேசி வளர்ந்த வெறுப்பு முழுவதும் கரைந்துபோக அந்த ஒரு கணம் போதுமானதாயிற்று. தன் பக்கம் வென்றுவிட்டது என்று எவனும் மகிழத்தக்க வேளையில், அவ்வெற்றி எவர் மேனியின் மீது நிற்கிறது என்பதை அவன் பார்த்துவிட்டான். ருஷ்து என்று நம் இமாம்கள் சொன்னதற்கு இதைவிடக் கசப்பான உதாரணத்தை நான் எந்தக் கிதாபிலும் கண்டதில்லை. இதனை எழுதியவர் தம் சமூகத்தின் வெற்றியைக் கொண்டாடியிருக்கலாம். ரஸாக்கார்களின் கொடுமையோடு கதையை முடித்திருக்கலாம். எவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். நம் பக்கத்திலிருந்து எழுதப்பெற்ற நூல்களில், நாம் இழைத்த தவற்றைக் கண்டு குமட்டி ஓடும் பிள்ளை ஒருவனை நான் தேடிப் பார்த்திருக்கிறேன். அதிகம் அகப்படவில்லை.

இது கதாசிரியரின் மிகைக் கற்பனை என்று எண்ணுவோர் இருக்கக்கூடும். அவர்களுக்காக ஒரு செய்தி. படையெடுப்புக்குப் பின் நிகழ்ந்தவற்றை ஆராயப் பண்டித சுந்தர்லால், காஜி அப்துல் கஃப்பார் முதலியோர் அடங்கிய நல்லெண்ணக் குழு ஒன்றை இந்திய அரசு அனுப்பியது. அவர்கள் 1948 நவம்பர் இறுதியிலும் டிசம்பரிலும் சமஸ்தானத்தின் 16 மாவட்டங்களில் ஒன்பதைச் சுற்றி வந்தார்கள். உயிரிழந்தோர் 27,000 முதல் 40,000 வரை இருக்கலாம் என்று மதிப்பிட்டார்கள். உஸ்மானாபாத், குல்பர்கா, பீதர், நாந்தேடு ஆகிய நான்கு மாவட்டங்களிலே அழிவு மிகுதி. ஆண்களைக் கொன்று கிணறுகளில் தள்ளியதையும், பெண்கள் கவர்ந்து செல்லப்பட்டதையும் அவ்வறிக்கை சொல்கிறது. ரஸாக்கார்கள் முன்னர் ஹிந்துக்களுக்கு இழைத்த கொடுமைகளையும் அது மறைக்கவில்லை. அதைவிட முக்கியமாக, தம்மோடு தறியில் அமர்ந்த முஸ்லிம் நெசவாளர்களைக் காக்க, ஹிந்து நெசவாளர்கள் தம் உயிரையும் பொருட்படுத்தாது நின்றதையும் அது குறித்திருக்கிறது. அந்த அறிக்கையை அரசு வெளியிடவில்லை. டில்லி நேரு நினைவு நூலகத்தில் எவரும் சென்று படிக்கலாம் என்னும் நிலை வந்தது 2013இல்தான். நாவல் வெளிவந்ததோ 1977இல். அரசாங்கத்தின் பேழைக்குள் பூட்டிக் கிடந்ததை, சிகந்தராபாத்திலே பதினேழு வயதுப் பிள்ளையாக அந்நாட்களைக் கடந்த ஒருவர், முப்பத்தாறு ஆண்டுகளுக்கு முன்னரே தமிழில் ஒரு பக்கத்தில் எழுதி வைத்துவிட்டார்.

நூலை இவ்வளவு போற்றிய பின்னும் என் மனத்தில் ஒரு முள் உண்டு. நாவல் முழுவதும் சந்திரசேகரனின் கதை. ஒவ்வொரு நினைவும் ஒவ்வொரு கூச்சமும் நமக்குச் சொல்லப்படுகின்றன. அப்பெண்ணுக்கோ பெயர் இல்லை. வீட்டில் அவள் மூத்தவளா இளையவளா, ஓதக் கற்றவளா, அன்று காலை என்ன செய்துகொண்டிருந்தாள் என்பவை தெரியா. அவளும் அவன் வயதினளே. அவனுக்கு அக்கணத்தில் பக்குவம் வந்தது. அவள் அதைப் பெற்றது அதற்கு முன், அவன் கதவைக் கடக்கும் முன்னரே, ‘வீட்டார் பிழைக்க இதுதான் வழி’ என்று தனக்குள் முடிவு செய்தபோது. அம்முடிவை அவளுக்குச் சொல்லித்தந்தவர் எவர்? அந்த வீட்டில் பெரியவர்கள் இருந்தார்களே, அவர்கள் ஏன் தடுக்கவில்லை? பர்தாவைப் பற்றிப் பிள்ளைகளுக்கு ஆயிரம் முறை பாடம் நடத்திய நான், இக்கேள்விக்கு விடை தேடிப் பல இரவுகள் விழித்திருக்கிறேன். ஆசிரியரைக் குறை கூறவும் இயலவில்லை. சந்திரசேகரன் பார்த்தது அவ்வளவுதான். பார்க்காததை அவர் எழுதவில்லை. அறிக்கையிலும் எண்களே உள்ளன.

2017 மார்ச்சில் ஆசிரியர் மறைந்த செய்தியைப் பத்திரிகையில் கண்டபோது, அதுவரை கடைசிப் பக்கம் மட்டுமே படித்திருந்த நாவலை வாங்கி முதலிலிருந்து படித்தேன். இரண்டே இரவில் முடித்தேன். வேளச்சேரிக்குப் போய் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்ற எண்ணம் வந்தது. பிள்ளையிடமிருந்து நூலைப் பறித்தவன் எந்த முகத்தோடு போவது என்னும் கூச்சமே இத்தனை ஆண்டுகள் என்னைத் தடுத்திருந்தது என்பதும் அப்போது விளங்கிற்று.

அந்தப் பிள்ளையைச் சென்ற ஆண்டு தாம்பரம் இரயில் நிலையத்தில் சந்தித்தேன். நாற்பதைத் தாண்டிவிட்டான், கூடுவாஞ்சேரியில் வீடு, பத்தாம் வகுப்புப் படிக்கும் மகள் இருக்கிறாள். ஸலாம் சொல்லி, கையைப் பிடித்துக்கொண்டு, மக்தபைப் பற்றியெல்லாம் விசாரித்தான். நானே பேச்சை எடுத்தேன். “அன்றைக்கு உன்னிடமிருந்து ஒரு புத்தகத்தை வாங்கிக்கொண்டேன், நினைவிருக்கிறதா?” என்றேன்.

சிரித்தான். “நீங்க திருப்பிக் கொடுத்த மறுநாளே நூலகத்துக்குப் போய் அங்கேயே உட்கார்ந்து படிச்சு முடிச்சிட்டேன் ஹஜ்ரத். உங்ககிட்ட சொல்லப் பயந்து சொல்லல.”

நான் என்ன சொல்வது என்று தெரியாமல் நின்றேன். கடற்கரை செல்லும் வண்டி வந்து நின்றது. அவன் ஏறவில்லை.

“ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன் ஹஜ்ரத். அந்தப் பிள்ளை... அவன் ஓடினதுக்கப்புறம் அது என்ன ஆச்சு? வேற யாராவது வந்தாங்களா? உடுப்ப எடுத்துப் போட்டுக்க நேரம் இருந்திருக்குமா?”

எனக்குத் தெரியாது என்றேன். அவன் தலையாட்டினான். அடுத்த வண்டிக்கு இன்னும் சிறிது நேரம் இருந்தது. இருவரும் நடைமேடைப் பலகையில் அமர்ந்தோம்.